மாவீரர் ஹோம் பிளேட்டுக்கு வருகிறார், வழிவிடுங்கள்

அமெரிக்காவின் ஞாயிற்றுக்கிழமை மாவீரருக்கு முதலில் ஒரு கும்பிடு.

திங்கள் முதல் வெள்ளி வரை அவர் ஏதோ ஓர் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறார். மேலாளர் குரலை உயர்த்தினால் எழுந்து நின்று விளக்கம் சொல்கிறார். சாலையில் எவனாவது குறுக்கே வண்டியைச் செருகினால் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தனக்குள் முனகிக்கொள்கிறார். ஞாயிறு காலை ஊர்ப் பூங்காவின் பேஸ்பால் திடலுக்கு வந்து, தொப்பைக்கு மேல் சீருடையை இழுத்துவிட்டுக்கொண்டு, மூன்றாவது பேஸில் நின்றுவிட்டால் போதும். உள்ளே தூங்கிக் கிடந்த கடாரங்கொண்டான் விழித்துவிடுகிறான். அடுத்த 90 அடியும் படையெடுப்புதான்.

பேஸ்பால் பார்க்காதவர்களுக்கு ஒரு விளக்கம். கிரிக்கெட்டில் ரன் அவுட் செய்ய ஸ்டம்பைத் தட்டினால் போதும்; ஓடி வருகிறவரை யாரும் தொட வேண்டியதில்லை. இங்கே, ஓட்டப் பாதையின் கடைசி நிறுத்தமான மூன்றாவது பேஸிலிருந்து ஓடி வருகிறவர் 17 அங்குல அகலமுள்ள ஒரு வெள்ளை ரப்பர் தகட்டைத் தொட வேண்டும். அதற்குள், அந்தத் தகட்டைக் காக்கும் கேட்சர் பந்தை வாங்கி, பந்துள்ள கையால் அவரைத் தொட்டுவிட்டால் அவுட். அந்தத் தகடுதான் ஹோம் பிளேட். ஒரே நொடியில் இரண்டு உடம்புகளும் ஒரு பந்தும் ஒரே இடத்துக்கு வந்து சேர வேண்டும் என்பதுதான் ஆட்டத்தின் அமைப்பு. அடிதடிக்கு இதைவிட வசதியான இடம் கிடைக்காது.

அந்த நொடியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். கேட்சர் முகமூடியைக் கழற்றி எறிந்துவிட்டார். பந்து வலதுபுற எல்லையிலிருந்து வருகிறது. அவர் கண் பந்தின் மேல், இடது கை பந்தை நோக்கி நீண்டிருக்கிறது, உடம்பின் பாரம் முழுக்க ஒரு காலில். மூன்றாவது பேஸ் பக்கம் அவருடைய கன்னமும் விலாவும் திறந்து கிடக்கின்றன. வருகிறவர் அவர் கண்ணில் படவே இல்லை. வருகிறவருக்கோ எல்லாமே தெரிகிறது. கடைசி நாலைந்து எட்டு இருக்கும்போது அவர் ஒரு வேலை செய்கிறார்: தோளைத் தாழ்த்துகிறார். ஓடுகிற மனிதனின் தோள் தானாகத் தாழாது, சார். அதைத் தாழ்த்துவதற்கு ஒரு தீர்மானம் வேண்டும்.

அப்புறம் நடப்பதெல்லாம் விழா. பந்து உருண்டு ஓடுகிறது. அம்பயர் இரண்டு கையையும் விரித்து ‘சேஃப்’ என்கிறார். சகவீரர்கள் பெஞ்சைவிட்டு எழுந்து வந்து மாவீரரின் முதுகில் அறைகிறார்கள். கேட்சர் முழங்காலில் உட்கார்ந்து மண்ணைத் துப்பிக்கொண்டிருக்கிறார். ஏற்கெனவே 11-4 என்று முன்னால் இருந்த அணிக்கு 12ஆவது ரன் கிடைத்துவிட்டது. பருவம் முடிந்தால் கோப்பை ஒன்று தருவார்கள். அதற்குமுன் பீர் கடையில் ஆளுக்கொரு குவளை. இதற்காகத்தான் ஒருவனின் தோள்பட்டை.

இதைத் தடுக்க விதியே இல்லையோ என்று நினைத்துவிடாதீர்கள். விதிக்கு என்ன பஞ்சம்? பந்து கையில் இல்லாத கேட்சருக்கு ஓட்டக்காரரின் பாதையை மறிக்க உரிமை இல்லை என்று தொழில்முறை விதிப் புத்தகத்தில் பல்லாண்டுகளாகவே எழுதி வைத்திருந்தார்கள். யாரும் படிக்கவில்லை; படித்தவர்கள் அமல்படுத்தவில்லை. உயர்நிலைப் பள்ளி ஆட்டத்தில், வேண்டுமென்றே மூர்க்கமாக மோதினால் ஆட்டத்தைவிட்டே வெளியேற்றம். சிறுவர்களுக்கான லிட்டில் லீகில் அதைவிட எளிது: பந்தை வைத்துக்கொண்டு ஒருவர் காத்திருந்தால், சறுக்கிப் போ, இல்லையென்றால் சுற்றிப் போக முயற்சி செய், இரண்டும் செய்யாவிட்டால் நீ அவுட். பத்து வயதுப் பையன் இதைப் புரிந்துகொண்டு, முழங்காலில் புல் கறையோடு சறுக்கிவிட்டு எழுந்து போகிறான். அவனுடைய அப்பாவுக்குத்தான், 42 வயதில், சட்டம் தெரிந்த, வாக்குரிமை உள்ள, வீட்டுக்கடன் கட்டுகிற அந்தப் பெரிய மனிதருக்குத்தான் புரியவில்லை. மகனின் ஆட்டத்தில் வேலிக்கு வெளியே நின்று ‘மோதாதே கண்ணா, அடிபடும்’ என்று கத்தியவரும் அவரேதான்.

இந்தக் கூட்டத்துக்கு ஒரு குலதெய்வம் உண்டு. 1970 ஜூலை 14, சின்சினாட்டியின் புத்தம்புதிய ரிவர்ஃபிரண்ட் மைதானம், ஆல்-ஸ்டார் ஆட்டம். குடியரசுத் தலைவர் நிக்சன் வந்து உட்கார்ந்திருக்கிறார். 4-4 என்று சமநிலை, 12ஆவது இன்னிங்ஸ். உள்ளூர் நாயகன் பீட் ரோஸ் இரண்டாவது பேஸிலிருந்து பாய்ந்து வந்து, 23 வயதுக் கேட்சர் ரே ஃபாஸியை இடித்துச் சாய்த்து வெற்றி ரன்னை எடுத்தார். ஃபாஸியின் இடது தோள் முறிந்து விலகியது. முதலில் எடுத்த எக்ஸ்ரேயில் முறிவு தெரியாததால் அதோடேயே தொடர்ந்து ஆடினார். எலும்பு கோணலாகக் கூடியது. அந்தப் பருவத்தின் முதல் பாதியில் 16 ஹோம் ரன் அடித்தவர், மறுபாதியில் அடித்தது 2. அதற்குப் பிறகு எத்தனையோ ஆண்டுகள் ஆடினார், ஆனால் அந்த முதல் பாதியின் ஆட்டக்காரர் திரும்பி வரவே இல்லை. 2021இல் இறக்கும்வரை அவர் பெயரைச் சொன்னால் ஊருக்கு அந்த மோதல்தான் நினைவுக்கு வந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆல்-ஸ்டார் ஆட்டம் ஒரு கண்காட்சி ஆட்டம். அதில் ஜெயித்தாலும் தோற்றாலும் அந்த ஆண்டு எந்த அணிக்கும் புள்ளிப் பட்டியலில் ஒரு வரிகூட மாறவில்லை. பொழுதுபோக்குக்காக ஆடிய ஆட்டத்தில் ஒருவனின் வாழ்க்கை ஆட்டம் முறிந்தது. அந்த மோதலின் படம்தான் அரை நூற்றாண்டாகப் பொழுதுபோக்கு ஆட்டக்காரர்களின் பூஜையறையில் தொங்குகிறது. ‘பழைய காலத்தில் எப்படி ஆடினார்கள் பார்’ என்று பிள்ளைகளுக்குக் காட்டுகிறார்கள். அதே பீட் ரோஸைச் சூதாட்டத்துக்காக 1989இல் ஆட்டத்தைவிட்டே விலக்கி வைத்தார்கள். அந்தத் தடையை நீக்கியது 2025இல், அவர் இறந்த பிறகுதான். பந்தயம் கட்டியது மன்னிக்க முடியாத பாவம். சக ஆட்டக்காரனின் தோளை உடைத்தது கடும் உழைப்பின் அடையாளம். என்ன அழகான தர்மசாஸ்திரம்!

அப்புறம் தொழில்முறை ஆட்டத்துக்கு ஞானம் எப்படி வந்தது? புத்தர் போதி மரத்தடியில் உட்கார்ந்து பெற்ற ஞானம் என்று எண்ணிவிட வேண்டாம். 2011 மே 25, சான் பிரான்சிஸ்கோ, மறுபடியும் 12ஆவது இன்னிங்ஸ். ஃபுளோரிடா மார்லின்ஸ் அணியின் ஸ்காட் கசின்ஸ், ஜயன்ட்ஸ் கேட்சர் பஸ்டர் போஸி மேல் மோதினார். போஸியின் கால் எலும்பு உடைந்தது, கணுக்கால் தசைநார் கிழிந்தது, பருவம் அன்றோடு முடிந்தது. அன்றிருந்த வழக்கத்தின்படி கசின்ஸ் செய்தது அனுமதிக்கப்பட்ட செயல்தான். ஆனாலும் அவருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. மோதலை ரசித்துக் கைதட்டி வளர்த்த கூட்டம், மோதியவன் நம் ஆளை இடித்ததும் கத்தியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது.

போஸி திரும்பி வந்து 2012இல் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கினார். 2013இல் அவரோடு 9 ஆண்டுகளுக்கு 16.7 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார்கள். 2014 பிப்ரவரியில், பருவம் தொடங்கும் முன்னால், மோதல் தடை விதி வந்தது: ஓட்டக்காரர் கேட்சரை இடிப்பதற்காகத் தன் நேர்ப்பாதையைவிட்டு விலகினால், பந்து கீழே விழுந்தாலும் அவர் அவுட், பந்தில்லாத கேட்சர் பாதையை மறித்தால் ஓட்டக்காரர் சேஃப். புரூஸ் போச்சி, மைக் மதேனி போன்ற முன்னாள் கேட்சர்கள், தங்கள் உடம்பிலேயே பட்டு அறிந்தவர்கள், இதற்காக வாதாடினார்கள். அவர்கள் சொன்னதில் குற்றம் காண எதுவுமில்லை. ஆனால் அணி முதலாளிகளுக்கு அந்த வாதம் காதில் விழுந்தது எப்போது? கேட்சரின் கணுக்காலுக்குக் கோடிக்கணக்கில் விலைச்சீட்டு ஒட்டிய பிறகு. ஜப்பானிலும் கொரியாவிலும் 2016இல் இப்படியொரு விதியைக் கொண்டுவந்தார்கள். உலகத்தின் பெரிய தொழில்முறை ஆட்டங்களெல்லாம் தோளால் இடிப்பதைக் கைகழுவிவிட்டன.

மிச்சமிருப்பவர் நம் ஞாயிற்றுக்கிழமை மாவீரர் ஒருவர்தான். காசு வாங்கிக்கொண்டு ஆடுகிறவனே விட்டுவிட்ட அநாகரிகத்தை, சந்தா கட்டி ஆடுகிறவர் கலாசாரப் பாரம்பரியமாகக் கட்டிக் காக்கிறார்.

அவருக்கு எதிரே குந்தியிருக்கும் கேட்சருக்கு யார் 16.7 கோடி ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள்? அவர் குழாய் பழுது பார்ப்பவர். அல்லது கூரை வேலைக்கு ஏணி ஏறுகிறவர். அல்லது பள்ளி ஆசிரியர். தோள் முறிந்தால் அணி மருத்துவர் ஓடி வரமாட்டார். நண்பர் ஒருவர் தன் காரில் ஏற்றிக்கொண்டு அவசரப் பிரிவுக்குப் போவார். காப்பீடு இருந்தாலும் முதல் சில ஆயிரம் டாலர் கைக்காசுதான் என்பது அந்த நாட்டில் சர்வசாதாரணம். நோய் விடுப்புக்குச் சம்பளம் கொடுத்தே ஆக வேண்டும் என்று தனியார் முதலாளிகள் எல்லோரையும் கட்டுப்படுத்தும் தேசியச் சட்டம் அங்கே இல்லை. சில மாநிலங்களில் உண்டு, பலவற்றில் கிடையாது. 1993இல் வந்த விடுப்புச் சட்டம் தருவது 12 வாரம், அதுவும் சம்பளமில்லாமல். ஆக, ஒரு ரன்னுக்காகத் தாழ்ந்த தோள், இன்னொரு வீட்டின் மூன்று மாத வாடகையை உடைத்துவிட்டுப் போகிறது. மாவீரரோ திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அலுவலகத்தில் காபி குடித்துக்கொண்டிருக்கிறார். தோளில் கொஞ்சம் சிராய்ப்பு. அதைச் சக ஊழியர்களிடம் காட்டிக்கொள்கிறார்.

நீதிமன்றம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, இரண்டு நாக்கோடு. லூசியானா மாநிலத்தில் 1974இல், பேஸ்பாலின் உடன்பிறப்பான சாஃப்ட்பாலில் ஓர் ஆட்டம். இரண்டாவது பேஸ்காரர் பேஸைத் தொட்டு ஓட்டக்காரரை அவுட்டாக்கிவிட்டு, நாலைந்து அடி விலகி நின்று பந்தை முதல் பேஸுக்கு எறிந்தும் முடித்துவிட்டார். அதற்குப் பிறகு, ஏற்கெனவே அவுட்டான அந்த ஓட்டக்காரர் பாதையைவிட்டு விலகி முழு வேகத்தில் வந்து, கையைத் தூக்கி அவர் தாடையின் கீழே இடித்தார். தாடை உடைந்தது. பந்து படுவதும் பேஸருகே இடறுவதும் ஆட்டத்தின் ஆபத்துகள், ஆனால் ஒருவன் வழியைவிட்டு விலகி வந்து இடிப்பான் என்பதற்கு யாரும் சம்மதித்து ஆட வருவதில்லை என்று 1976இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது, இடித்தவரையே பொறுப்பாக்கியது.

அது ஒரு நாக்கு. இன்னொன்று 1992இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றத்தில் அசைந்தது. சூப்பர் பவுல் இடைவேளையில் நண்பர்கள் விளையாட்டாக ஆடிய, தொட்டாலே போதும் என்கிற வகை அமெரிக்க ஃபுட்பால். இவ்வளவு முரட்டுத்தனம் வேண்டாம் என்று ஒரு பெண் உடன் ஆடிய ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லியும் பார்த்தார். அப்புறமும் அந்த மனிதர் மோதிப் பெண்ணைக் கீழே தள்ளினார், அவர் கையையும் மிதித்தார். சிகிச்சைகள் பலிக்காமல் கடைசியில் ஒரு விரலையே எடுக்க வேண்டி வந்தது. நீதிமன்றம் சொன்னது: வேண்டுமென்றே காயப்படுத்தினாலோ, ஆட்டத்தின் இயல்புக்கே முற்றிலும் புறம்பான பொறுப்பற்ற செயலாக இருந்தாலோ தவிர சக ஆட்டக்காரர் பொறுப்பில்லை. எல்லாவற்றுக்கும் வழக்குப் போட்டால் யாரும் உற்சாகமாக ஆடமாட்டார்களே என்ற கவலையாம். விரலைப் பறிகொடுத்தவரின் உற்சாகம் என்ன ஆயிற்று என்று யாரும் கவலைப்படவில்லை. இதற்கு மேல், பருவத் தொடக்கத்தில் சந்தாவோடு சேர்த்து லீகுகள் ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்கின்றன: எனக்கு என்ன ஆனாலும் நானே பொறுப்பு. எலும்பு உன்னுடையது, பொறுப்பும் உன்னுடையது, மைதான வாடகைப் பங்கை மட்டும் முதலிலேயே கட்டிவிடு.

இனி மாவீரரின் சாக்குகளுக்கு வருவோம். முதல் சாக்கு: ‘வேகமாக வந்தேன், நிற்க முடியவில்லை.’ உங்களை நிற்கச் சொன்னது யார், ஐயா? இரண்டாவது, மூன்றாவது பேஸைத் தாண்டி ஓடினால் தொட்டு அவுட்டாக்கலாம். அங்கே நின்றாக வேண்டும். ஹோம் பிளேட்டுக்கு அந்தக் கவலையே கிடையாது. ஓரமாக ஓடி வந்து, காலின் நுனியால் தொட்டுவிட்டு, பின்னாலிருக்கும் வேலிவரைக்கும் ஓடலாம். வேலியைத் தாண்டி வீட்டுக்கே போய்ச் சேர்ந்தாலும் ரன் ரன்தான். நிற்கத் தேவையே இல்லாத மூலையில்தான் உங்களுக்கு நிற்க முடியவில்லை!

இரண்டாவது சாக்கு: ‘கேட்சர் வழியை மறித்தான்.’ இதில் உண்மை உண்டு, மறைக்க வேண்டாம். பந்து இன்னும் பாதித் தூரத்தில் இருக்கும்போதே கால்காப்பைக் கோட்டின் குறுக்கே மதில்போல் நிறுத்தி, சறுக்கி வருகிறவனின் கணுக்காலை முறிக்கும் கேட்சர்கள் இருக்கிறார்கள். அவர்களும் இதே குலம்தான். ஒருவர் ஓடுகிற மாவீரர், மற்றவர் உட்கார்ந்திருக்கிற மாவீரர். ஆனால் அதற்கு மருந்து விதியிலேயே இருக்கிறது. மறித்தால் ரன் உங்களுக்கு. அம்பயரைப் பார்த்துக் கை காட்டினால் கிடைக்கிற ரன்னை, விலா எலும்பை உடைத்துத்தான் எடுப்பேன் என்றால் உங்களுக்கு வேண்டியது ரன் இல்லை.

மூன்றாவது சாக்கு: ‘ஆட்டம் என்றால் அப்படித்தான்.’ உடம்பால் மோதித்தான் தீர வேண்டும் என்றால் அதே பூங்காவின் அடுத்த திடலில் ரக்பி ஆடுகிறார்கள். அங்கே போகலாம். போகமாட்டார். அங்கே எதிரே இருப்பவனும் அவரைப் பார்த்துக்கொண்டுதான் வருவான்; திருப்பி இடிப்பான். நம் மாவீரரின் வீரத்துக்கு வேண்டியது, வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும் ஆள்.

லீக் கமிட்டி என்று ஒன்று உண்டே, அது என்ன செய்கிறது? விதி போடுகிறது. ‘தேவையற்ற மோதலைத் தவிர்க்கவும், அம்பயரின் தீர்ப்பே இறுதி.’ யார் அந்த அம்பயர்? தொழில்முறை ஆட்டத்தில் நான்கு பேர் நின்று பார்த்து, போதாததற்கு வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டி முடிவு செய்கிற விஷயத்தை இங்கே ஒற்றை ஆள் பார்க்கிறார். ஓட்டக்காரர் மூன்றாவது பேஸைத் தொட்டாரா, பந்து எங்கே, கேட்சர் கால் எங்கே, தோள் தாழ்ந்ததா, எல்லாவற்றையும் ஒரே ஜோடிக் கண்ணால். தைரியமாக ‘அவுட், வெளியே போ’ என்று சொல்லிவிட்டால் ஒன்பது பேர் சுற்றி வளைத்துக்கொள்வார்கள். அடுத்த ஞாயிறும் அவர் இதே திடலுக்குத்தான் வர வேண்டும். அதனால் அவர் ‘சேஃப்’ என்கிறார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவரைத் தனியாக விட்டது கமிட்டி.

அந்தக் கமிட்டி உண்மையில் நடைமுறைப்படுத்தும் விதிகளை யாரும் அச்சிடுவதில்லை. நாமே அச்சிட்டுவிடுவோம். ஒன்று: மோதியவர் அணியின் சிறந்த பேட்டர் என்றால் அது விபத்து. இரண்டு: அடிபட்டவர் எழுந்து உட்கார்ந்தால் அது ஒன்றுமில்லை. மூன்று: எழுந்திருக்கவில்லை என்றால் இரு தரப்பும் ஒரு நிமிடம் முழங்காலிட்டு வருத்தம் தெரிவித்துவிட்டு ஆட்டத்தைத் தொடரலாம், மைதானத்தை ஒரு மணிக்குள் காலி செய்ய வேண்டும். நான்கு: இடைநீக்கம் பற்றி அடுத்த கூட்டத்தில் பேசப்படும். ஐந்து: அடுத்த கூட்டம் பருவம் முடிந்த பிறகு.

வழி தெரியாமல் தவிக்கிறார்களா என்றால், பக்கத்துத் திடலிலேயே வழி கிடக்கிறது. முதியோர் சாஃப்ட்பால் லீகுகளில், அறுபதையும் எழுபதையும் தாண்டியவர்கள் ஆடும் இடங்களில், ஹோம் பிளேட் இரண்டு. கேட்சருக்கு ஒன்று, ஓட்டக்காரருக்குத் தள்ளிப் போட்ட இன்னொன்று. மூன்றாவது பேஸுக்கும் ஹோமுக்கும் நடுவில் ஒரு கோடு. அதைத் தாண்டிவிட்டால் திரும்பிப் போக முடியாது. கேட்சர் ஆளைத் தொட வேண்டாம். பந்தோடு தன் தகட்டைத் தொட்டாலே போதும். ஓட்டக்காரர் கேட்சரின் தகட்டில் கால் வைத்தால் அவுட். இரண்டு உடம்புகள் ஒரே இடத்துக்கு வரவேண்டிய காரணமே ஒழிந்தது. செலவு ஒரு ரப்பர் விரிப்பும் கொஞ்சம் சுண்ணாம்பும். செயற்கை மூட்டு வைத்துக்கொண்டு ஆடுகிற தாத்தாக்கள் கண்டுகொண்ட இந்த வழியை நாற்பது வயது மாவீரர்களிடம் சொல்லிப் பாருங்கள். சிரிப்பார்கள். ‘அது கிழவர்கள் ஆட்டம்’ என்பார்கள். ஆமாம், கிழவர்கள்தான். இவர்களைப் போன்றவர்களோடு மோதியும் அந்த வயதுவரை வந்து சேர்ந்த கிழவர்கள்.

ஆகவே கமிட்டிக்காரர்களே, அறிவுரை வேண்டாம், நாகரிகப் பிரசங்கம் வேண்டாம், விளையாட்டு உணர்வு பற்றிய சுற்றறிக்கையும் வேண்டாம். அதையெல்லாம் மாவீரர்கள் படிப்பதில்லை. அவர்கள் படிப்பது ஒன்றே ஒன்றுதான், ரசீது. அடுத்த பருவத்தின் சந்தாப் படிவத்தில் ஒரே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: தோளைத் தாழ்த்தியவர் அவுட், அந்தப் பருவம் முழுக்க ஆடத் தடை, அடிபட்டவரின் மருத்துவச் செலவும் வேலைக்குப் போக முடியாத நாட்களின் கூலியும் அவர் பொறுப்பு. எங்களுக்கு என்ன ஆனாலும் நாங்களே பொறுப்பு என்று எல்லோரிடமும் கையெழுத்து வாங்கத் தெரிந்த உங்களுக்கு, அடுத்தவனுக்கு நான் செய்வதற்கு நானே பொறுப்பு என்று வாங்கத் தெரியாதா? பேனாவை நீட்டுங்கள். கடாரம் கொண்டவர்களில் எத்தனை பேர் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று பார்த்துவிடலாம்.